டெக் சப்போர்ட் ரெஸ்யூமே எங்கே மாட்டுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று ஒருவர் போன் செய்கிறார். பிளக்கில் கரண்ட் வருகிறதா, லைட் எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று கேட்காமல் எடுத்த எடுப்பில் மதர்போர்டை மாற்றச் சொல்பவரை சப்போர்ட் வேலையில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வேலைக்கே விண்ணப்பிக்கிறவர்கள், இரண்டு வாரம் அழைப்பு வராவிட்டால் ரெஸ்யூமேயை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறொரு டெம்ப்ளேட்டை இறக்கி முதலிலிருந்து எழுதுகிறார்கள். பழைய பிழை அதிலும் அப்படியே இருக்கிறது.

சென்னை, கோவை பக்கம் சர்வீஸ் டெஸ்க், டெஸ்க்டாப் சப்போர்ட், எல்1, புராடக்ட் சப்போர்ட் என்ற பெயர்களில் வரும் முதல்நிலை வேலைகளுக்கு முயல்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிஇ, பிசிஏ, பிஎஸ்சி, டிப்ளமா, ஐடிஐயில் கோபா (கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவு), எது படித்திருந்தாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும். கீழே வரும் மாதிரி வரிகளின் பொருளை எடுத்துக்கொண்டு உங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில், எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓர் எக்செல் ஷீட் போதும்: தேதி, நிறுவனம், வேலையின் பெயர், எந்த வழியில் விண்ணப்பித்தீர்கள், ரெஸ்யூமேயின் எந்தப் பதிப்பு, கடைசியாக என்ன நடந்தது. இருபது, முப்பது வரிகள் சேர்ந்ததும் விஷயம் பிடிபடும். யாருமே கூப்பிடவில்லையா, கூப்பிட்டு போனிலேயே முடிகிறதா, டெக்னிக்கல் ரவுண்டில் கழிகிறதா, ஆஃபர் கைக்கு வரும் நேரத்தில் நழுவுகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

## அறிகுறி: எத்தனை இடத்தில் போட்டாலும் சத்தமே இல்லை

நோட்பேட் சோதனையில் தொடங்குங்கள். உங்கள் பிடிஎஃபைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நிறுவனங்கள் விண்ணப்பங்களை வாங்கி வடிகட்டும் ஏடிஎஸ் மென்பொருளுக்கும் வேலைவாய்ப்புத் தளங்களுக்கும் உங்கள் ரெஸ்யூமே ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது எழுத்தல்ல, படம். பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்த கோப்பாக இருக்கும், அல்லது டிசைன் மென்பொருளிலிருந்து படமாக இறக்கியதாக இருக்கும். எழுத்து வந்தும் வரிசை குழம்பியிருந்தால், அதாவது கல்லூரிப் பெயரின் நடுவில் திறன் பட்டியல் புகுந்திருந்தால், பக்கத்தை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்த டெம்ப்ளேட்தான் காரணம். வேர்டு கோப்பு அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போன் எண்ணும் மின்னஞ்சலும் பக்கத்தின் ஹெடர் பகுதியில் இருந்தால் சில மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை. உள்ளே இறக்கிவிடுங்கள்.

தீர்வு அலங்காரமில்லாதது. இடது, வலது என்று பிரிக்காத பக்கம், சாதாரண எழுத்துரு, ஸ்கில்ஸ், எஜுகேஷன், எக்ஸ்பீரியன்ஸ் என்று எல்லோரும் வைக்கும் தலைப்புகள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், 80 சதவீதம் நிரம்பிய பட்டை எல்லாம் வேண்டாம். விண்டோஸ் 80 சதவீதம் தெரியுமென்றால் தெரியாத 20 சதவீதம் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வெள்ளை எழுத்தில் கீவேர்டுகளை ஒளித்து வைக்கும் தந்திரத்தையும் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நோட்பேடில் அது பளிச்சென்று தெரிவதுபோல் ரெக்ரூட்டர் திரையிலும் தெரிந்துவிடும்.

ஏடிஎஸ் தானாகவே எல்லோரையும் தள்ளிவிடுகிறது என்ற பேச்சு கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கப்பட்டது. முதல்நிலை சப்போர்ட் வேலைகளில் பெரும்பாலும் நடப்பது சாதாரணத் தேடல்தான். ரெக்ரூட்டர் நௌக்ரி போன்ற ஒரு தளத்தில் டெஸ்க்டாப் சப்போர்ட், ஆக்டிவ் டைரக்டரி (நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாப்ட் அமைப்பு), டிக்கெட்டிங் (புகார்களைப் பதிவு செய்து பின்தொடர்வது) என்று நாலு சொல்லைத் தட்டுகிறார். ஊர் சென்னை, அனுபவம் 0 முதல் 1 வருடம் என்று வடிகட்டுகிறார். அந்தச் சொற்கள் உங்கள் ரெஸ்யூமேயில் இல்லையென்றால் நீங்கள் அவர் கண்ணிலேயே படுவதில்லை. அவர் உங்களை வேண்டாமென்று சொன்னதாக நினைத்து வருந்த வேண்டியதில்லை.

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது இன்னொரு சிக்கல். ஆபிஸ் 365 திட்டங்களில் பல 2020-இல் மைக்ரோசாப்ட் 365 ஆயின. அஸ்யூர் ஆக்டிவ் டைரக்டரி 2023-இல் என்ட்ரா ஐடி ஆனது. வேலை விளம்பரங்களில் பழைய பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தெரிந்த பொருளாக இருந்தால் இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதுங்கள். வேலையின் பெயரும் அப்படித்தான். ஓரிடத்தில் சர்வீஸ் டெஸ்க் அனலிஸ்ட் என்பது இன்னோரிடத்தில் ஐடி ஹெல்ப்டெஸ்க், மற்றோரிடத்தில் டெக்னிக்கல் சப்போர்ட் அசோசியேட். விளம்பரத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அது உங்கள் பெயருக்கு அடுத்த வரியில் வரட்டும். ஒரே மாதிரி வேலைக்கான பத்து விளம்பரங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவை மட்டும் உள்ளே போகட்டும். 'உண்மையிலேயே' என்று ஏன் அழுத்துகிறேன் என்பது டெக்னிக்கல் ரவுண்டு பற்றிய பகுதியில் புரியும்.

தளத்தில் உள்ள புரொஃபைலையும் பாருங்கள். ரெஸ்யூமே நன்றாக இருந்து, புரொஃபைலின் தலைப்பு வரியில் 'ஃப்ரெஷர், எந்த வேலையானாலும் சரி' என்று இருந்தால் பயனில்லை. திருநெல்வேலியில் இருந்துகொண்டு ஊர் என்ற இடத்தில் அதை மட்டும் போட்டிருந்தால் சென்னைத் தேடலில் வர மாட்டீர்கள். விருப்பமான ஊர்களில் சென்னை, கோவை, பெங்களூரு ஆகியவற்றையும் சேருங்கள். அண்மையில் திருத்திய புரொஃபைல்களை ரெக்ரூட்டர்கள் தனியாக வடிகட்டிப் பார்க்க முடியும் என்பதால், வாரம் ஒருமுறை உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைச் செப்பனிடுவது நல்லது.

அப்புறம் இடத்தை அடைக்கும் சாமான்கள். தந்தை பெயர், மதம், திருமண நிலை, கதவு எண் வரைக்கும் முகவரி, மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழி, அதன் கீழே இடம், தேதி, கையெழுத்து. அரசு விண்ணப்பப் படிவத்தின் வாடை இது. ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் எழுதுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். நாளைக்கு மற்றவர்களுடைய பாஸ்வேர்டையும் அக்கவுண்ட்டையும் கையாளப் போகிறவர் தன் ஆதார் எண்ணை ஊருக்கெல்லாம் அனுப்புகிறார் என்றால், என் கணக்கில் அந்த ரெஸ்யூமே அங்கேயே விழுந்துவிடும். இதையெல்லாம் எடுத்துவிட்டால் ஒரு பக்கத்துக்குள் தாராளமாக அடங்கும்.

## அறிகுறி: அழைப்பு வருகிறது, ஆனால் எல்லாம் சேல்ஸும் கலெக்‌ஷனும்

கிரெடிட் கார்டு விற்க, கடன் வசூலிக்க, இன்சூரன்ஸ் பேச என்று மட்டும் அழைப்புகள் வந்தால், உங்கள் ரெஸ்யூமேயில் கஸ்டமர், கம்யூனிகேஷன், டார்கெட் போன்ற சொற்கள் நிறைந்தும் விண்டோஸ், நெட்வொர்க், டிக்கெட் போன்றவை மெலிந்தும் இருக்கின்றன என்று அர்த்தம். வெறும் கஸ்டமர் சப்போர்ட் என்று எழுதாமல் டெக்னிக்கல் சப்போர்ட், ஐடி சப்போர்ட் என்று எழுதுங்கள். புரொஃபைலில் துறை என்ற இடத்தில் பிபிஓ என்று தேர்ந்திருந்தால் ஐடி சப்போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

வேலை உறுதி, ஆனால் பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டு வரும் அழைப்புக்கு ரெஸ்யூமேயில் எந்தத் திருத்தமும் தேவையில்லை. போனை வைத்துவிட்டு எண்ணை பிளாக் செய்யுங்கள்.

## அறிகுறி: "நீங்கள் டெவலப்பர் வேலைதானே தேடுகிறீர்கள்?"

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு வரும் நோய் இது. ஜாவா, பைத்தான், ரியாக்ட், மெஷின் லேர்னிங் புராஜெக்ட் என்று முக்கால் பக்கம். எங்கோ ஒரு மூலையில் 'ட்ரபிள்ஷூட்டிங்'. படிக்கிற மேனேஜருக்கு உடனே தோன்றுவது, இவர் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவார் என்பதுதான். ஒரு பிரெஷருக்குப் பயிற்சி கொடுத்து அழைப்புகளை எடுக்க வைப்பதற்குள் வாரங்கள் போய்விடும் என்பதால் அந்தப் பயம் நியாயமானதே.

அதற்காகப் படித்ததை மறைக்க வேண்டியதில்லை. எது முன்னால் நிற்க வேண்டும் என்பதைத்தான் மாற்ற வேண்டும். கல்லூரி புராஜெக்ட்டை இரண்டு வரிக்குக் குறையுங்கள். அந்த இரண்டு வரியிலும் என்ன கட்டினீர்கள் என்பதைவிட எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது வரட்டும். லாகைப் படித்து டேட்டாபேஸ் இணைப்பு அறுந்ததைக் கண்டுபிடித்தேன் என்ற வரி, ஃபுல் ஸ்டாக் அப்ளிகேஷன் உருவாக்கினேன் என்பதைவிட இங்கே கனமானது.

சப்போர்ட் என்பதும் ஒரே வேலையல்ல. சர்வீஸ் டெஸ்க்கில் பேச்சு, பாஸ்வேர்டு ரீசெட், அக்கவுண்ட் அன்லாக், அவுட்லுக், விபிஎன், ரிமோட்டில் இணைந்து பார்ப்பது ஆகியவை முன்னால் வர வேண்டும். டெஸ்க்டாப், ஃபீல்டு வேலைகளில் ஓஎஸ் இன்ஸ்டாலேஷன், ரேம், எஸ்எஸ்டி மாற்றுவது, பிரிண்டர், கேபிள். ஃபீல்டு இன்ஜினியர் வேலைக்குப் பல இடங்களில் டூ வீலரும் லைசென்ஸும் கேட்பார்கள் என்பதால் இரண்டும் இருந்தால் கட்டாயம் ஒரு வரி. அப்ளிகேஷன் சப்போர்ட்டுக்கு எஸ்க்யூஎல்லும் லினக்ஸும். உங்கள் கோடிங் படிப்பு உண்மையில் மதிப்புப் பெறும் இடம் இதுதான், டெவலப்பர் கனவு உள்ளவர்கள் இந்தக் கதவைத் தட்டலாம். ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற மென்பொருள் நிறுவனங்களின் புராடக்ட் சப்போர்ட்டில் எழுத்து ஆங்கிலமும் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) பற்றிய அடிப்படையும் எடுபடும். ஆக, ஒரே ரெஸ்யூமேயை எல்லாவற்றுக்கும் அனுப்பாமல், இரண்டு மூன்று பதிப்புகளை வைத்துக்கொண்டு விளம்பரத்துக்கு ஏற்ப மேல் மூன்றில் ஒரு பகுதியை மாற்றினால் போதும்.

## அறிகுறி: "அனுபவம் இல்லையே" என்கிறார்கள்

பாதிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சொல்ல வேண்டியது அதிகம் இருப்பதும் இங்கேதான்.

எல்1 வேலைக்கு எடுப்பவர் ரெஸ்யூமேயில் பார்க்க விரும்புவது ஒன்றுதான்: ஒரு பிரச்சினை வந்தால் இவர் எப்படி நகர்கிறார்? நல்ல டிக்கெட்டில் யாருக்கு என்ன பிரச்சினை, எதையெல்லாம் சோதித்தேன், எது காரணம், என்ன செய்தேன், மறுபடி வந்ததா என்ற விவரங்கள் இருக்கும். உங்கள் ரெஸ்யூமேயின் வரிகளையும் அதே வரிசையில் எழுதிவிட்டால், வேலைக்குச் சேர்ந்தபின் டிக்கெட் எப்படி எழுதுவீர்கள் என்பதை இப்போதே காட்டிவிட்டீர்கள். சம்பளச் சீட்டு இல்லாத அனுபவமும் அனுபவம்தான் என்பதை அந்த எழுத்து சொல்லிவிடும்.

அனுபவம் எங்கே கிடக்கிறது என்று தேடிப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிளி கடையில் மாமாவுக்கு ஒத்தாசையாக நின்றிருக்கலாம். ஊரில் மொபைல் சர்வீஸ் கடையில், சிசிடிவி பொருத்துபவரிடம், பிரவுசிங் சென்டரில், இ-சேவை மையத்தில் சில மாதம் இருந்திருக்கலாம். கல்லூரி லேபில் எல்லோருக்கும் முன்னால் அழைக்கப்படுகிற ஆளாக இருந்திருக்கலாம். அப்பாவின் கடையில் டேலி ஓடும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதையெல்லாம் ரெஸ்யூமேயில் போடக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார்? சர்வர் நின்றால் காத்திருப்பவர்களைச் சமாளிக்கிறார், அளவு மீறிய கோப்பைச் சுருக்குகிறார், கைரேகைக் கருவியின் டிரைவர் வேலை செய்யாவிட்டால் மறுபடி நிறுவுகிறார், கம்ப்யூட்டர் தெரியாத பெரியவருக்குப் பொறுமையாக விளக்குகிறார். சர்வீஸ் டெஸ்க் ஆள் நாள் முழுக்கச் செய்வதும் இதைத்தான்.

இரண்டு மாதிரிகள் தருகிறேன். பலர் எழுதும் வரி: 'பிரிண்டர் பிரச்சினைகளைச் சரிசெய்தேன்.' இதை இப்படி மாற்றலாம்: 'பிரவுசிங் சென்டரில் நான்கு கம்ப்யூட்டர்கள் பகிர்ந்த பிரிண்டரில் பிரிண்ட் வரிசை அடிக்கடி நின்றது. ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, தேங்கிய கோப்புகளை நீக்கி, மறுபடி தொடங்கினேன். திரும்பவும் வந்ததால் டிரைவரைப் புதிதாக நிறுவினேன். பிரச்சினை தீர்ந்தது.' அதேபோல் 'நெட்வொர்க்கிங் அறிவு' என்ற மொட்டை வரிக்குப் பதிலாக: 'கடையின் வைஃபையில் சிலருக்கு மட்டும் இணையம் கிடைக்கவில்லை. அவர்களுடைய ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியதைக் கண்டு டிஹெச்சிபி (முகவரி வழங்கும் சேவை) பக்கம் தேடினேன். ரூட்டரில் கொடுக்க முகவரி தீர்ந்திருந்தது. லீஸ் நேரத்தை (ஒரு முகவரி ஒரு கருவியிடம் இருக்கும் காலத்தை) குறைத்துச் சரிசெய்தேன்.' இரண்டும் நீளம்தான். ஆங்கிலத்தில் சுருக்கினால் இரண்டு வரிக்குள் நிற்கும். இப்படி நான்கு வரிகள் இருந்தால் ரெஸ்யூமே நிறைந்துவிடும். நீங்கள் உண்மையில் செய்ததை மட்டும் எழுதுங்கள். மேலே உள்ளதை அப்படியே எடுத்துப் போட்டால் 'லீஸ் நேரம் எவ்வளவு இருந்தது, எவ்வளவாகக் குறைத்தீர்கள்?' என்ற அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

எண்ணிக்கை போடச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். தெரிந்த எண் இருந்தால் போடுங்கள்: எத்தனை கம்ப்யூட்டர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய எத்தனை பேர். செயல்திறனை 40 சதவீதம் உயர்த்தினேன் என்று பிரவுசிங் சென்டருக்கு எழுதினால் சிரிப்புத்தான் வரும்.

எங்கேயும் வேலை பார்த்ததில்லை, ஒத்தாசைக்கும் நின்றதில்லை என்றால் வீட்டிலேயே ஒரு லேப் வைக்கலாம், பெரிய செலவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பை மைக்ரோசாப்ட் 180 நாட்களுக்கு இலவசமாகத் தருகிறது. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் திணறிக்கொண்டு ஓடும், 16 இருந்தால் நிம்மதி. ஒரு டொமைன் (கம்ப்யூட்டர்களையும் பயனர் கணக்குகளையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) உருவாக்குங்கள், பத்துப் பேருக்கு அக்கவுண்ட் போடுங்கள், தவறான பாஸ்வேர்டு தட்டி லாக் ஆக்குங்கள், திறந்து விடுங்கள், ஒரு குரூப் பாலிசி (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான விதி) வைத்து யுஎஸ்பியைத் தடுங்கள். பிறகு வேண்டுமென்றே டிஎன்எஸ் முகவரியை மாற்றிவிட்டு, கிளையன்ட் கம்ப்யூட்டர் டொமைனில் சேர ஏன் மறுக்கிறது என்று கண்டுபிடியுங்கள். உடைத்துப் பார்த்தவருக்குத்தான் பேச விஷயம் இருக்கும்.

ஒவ்வொன்றையும் ஒரு டிக்கெட்டாகவும் பதிவு செய்யுங்கள். அதற்கான ஓஎஸ்டிக்கெட் திறந்த மூல மென்பொருள். சர்வீஸ்நவ் தன் டெவலப்பர் தளத்தில் தன் டிக்கெட்டிங் மென்பொருளைப் பழகிப் பார்க்க ஓர் இன்ஸ்டன்ஸை (தனி நகலை) இலவசமாகத் தருகிறது. பயன்படுத்தாமல் விட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜோஹோ டெஸ்க், ஃப்ரெஷ்டெஸ்க், மேனேஜ்எஞ்சின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் எல்லாம் சென்னையில் பிறந்தவை. உலகம் முழுக்க ஹெல்ப்டெஸ்க்குகள் பயன்படுத்தும் கருவிகள் நம்மூரில் உருவானவை, அவற்றில் ஒன்றையாவது தொட்டுப் பார்க்காமல் சப்போர்ட் வேலைக்குப் போவது அழகில்லை. இன்சிடென்ட்டுக்கும் சர்வீஸ் ரிக்வெஸ்ட்டுக்கும் உள்ள வித்தியாசம், பி1 என்றால் என்ன, எஸ்எல்ஏ (பதில் தர ஒப்புக்கொண்ட கெடு) எப்போது ஓடத் தொடங்குகிறது ஆகியவை இந்தப் பழக்கத்தில் தானாகப் புரியும். ரெஸ்யூமேயில் இதற்கு 'ஹோம் லேப்' என்றே தலைப்பு வையுங்கள், வேலை அனுபவம் என்று வேடம் போட வேண்டாம்.

சர்டிஃபிகேட் பற்றி என் கருத்து: ஒன்று போதும், அதுவும் லேபோடு சேர்ந்திருந்தால்தான் மதிப்பு. காம்ப்டியா ஏ பிளஸ் நல்ல பாடத்திட்டம். ஆனால் இரண்டு தேர்வு எழுத வேண்டும், கட்டணம் டாலர் கணக்கில் கடிக்கும். கையைக் கடிக்கிறதென்றால் பாடத்திட்டத்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். 2018-இல் கோர்செராவில் வந்த கூகுள் ஐடி சப்போர்ட் படிப்பு தொடக்கத்துக்குப் போதுமானது. நெட்வொர்க் பக்கம் போக விருப்பமுள்ளவர்கள் சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வில் பணத்தைப் போடலாம். கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் ஏதாவது படித்திருந்தால், வேலைக்குப் பொருந்துகிற ஒன்றை மட்டும் எழுதுங்கள். ஒரு நாள் வெபினார்களின் பட்டியல் யாரையும் அசைப்பதில்லை.

## அறிகுறி: டெக்னிக்கல் ரவுண்டில் ரெஸ்யூமேயை வைத்தே மடக்குகிறார்கள்

திறன் பட்டியலில் இருபது பெயர்கள் இருந்தால் கேள்வி கேட்பவருக்கு இருபது வாசல். ஒவ்வொரு பெயரையும் தொட்டு, அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியாததை எடுத்துவிடுங்கள். டிஹெச்சிபி என்று எழுதினால் 169.254 முகவரி எப்போது வரும் என்பார்கள். டிஎன்எஸ் என்றால், ஐபி முகவரிக்கு பிங் போகிறது, இணையதளப் பெயருக்குப் போகவில்லை, என்ன செய்வீர்கள் என்பார்கள். ஆக்டிவ் டைரக்டரி என்றால் வொர்க்குரூப்புக்கும் டொமைனுக்கும் என்ன வித்தியாசம். அவுட்லுக் என்றால் ஓஎஸ்டி கோப்புக்கும் பிஎஸ்டி கோப்புக்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏன் ஏற மறுக்கிறது என்ற கேள்வியும் எதிர்பார்க்கக்கூடியதே. டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு சிப்) என்ற சொல் தெரிந்திருக்க வேண்டும்.

எம்எஸ் ஆபிஸில் நிபுணர் என்று எழுதியவரிடம் எக்செலில் விலுக்அப் போடச் சொன்னால் பலர் கை நடுங்கும். 'நிபுணர்', 'வல்லுநர்' எல்லாம் முதல்நிலை ரெஸ்யூமேயில் எதற்கு? செய்து பழகியது, இப்போது கற்பது என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். லினக்ஸ் இரண்டாவதில் இருந்தால் கேட்பவரும் அதற்கேற்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்.

## அறிகுறி: போன் ரவுண்டிலேயே முடிந்துவிடுகிறது

ரெஸ்யூமேயின் ஆங்கிலத்துக்கும் உங்கள் வாயில் வரும் ஆங்கிலத்துக்கும் தூரம் அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைக்கு ஏஐ கருவியிடம் சொன்னால் பளபளப்பான முன்னுரை எழுதித் தந்துவிடுகிறது. அதைப் படித்துவிட்டு போன் செய்பவர் அதே மொழியை எதிர்பார்க்கிறார். முதல் கேள்வியிலேயே சறுக்கினால் மீதி எல்லாவற்றையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார். எழுதிய ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் வரியை உங்கள் சொற்களில் சுருக்குங்கள். எளிய ஆங்கிலம் குறையல்ல. பதறிக்கொண்டு பேசும் பயனரிடம் எளிய ஆங்கிலம்தான் எடுபடும்.

வாய்ஸ் வேலைகளில் வெர்சன்ட் மாதிரியான பேச்சுத் தேர்வு வைப்பார்கள். அதற்கு ரெஸ்யூமேயில் மருந்து கிடையாது, பயிற்சிதான் ஒரே வழி. பேச்சு இன்னும் பழகவில்லையென்றால் இப்போதைக்கு சாட், மின்னஞ்சல் சப்போர்ட் வேலைகளைக் குறி வையுங்கள். அங்கே தட்டச்சு வேகம் கணக்கில் வரும். தமிழக அரசின் தட்டச்சுத் தேர்வில் ஆங்கிலம் லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45 சொல். இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து ஹையர் முடித்துவிட்டு அந்தச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுக்கலாம். தெலுங்கோ மலையாளமோ இந்தியோ பேச வருமென்றால் அதையும் எழுதுங்கள், உள்நாட்டு வாடிக்கையாளர்களுக்கான சப்போர்ட்டில் கூடுதல் மொழிக்குத் தனி மதிப்பு.

ஷிஃப்ட் விஷயமும் இந்த அழைப்பில்தான் வரும். அமெரிக்க நேரத்தில் வேலை செய்யத் தயாரென்றால் ரெஸ்யூமேயில் ஒரு வரி போட்டுவிடுங்கள். வீட்டில் சம்மதமில்லாமல் எழுதிவிட்டு ஆஃபர் வந்தபின் மறுப்பது இரண்டு பக்கத்துக்கும் வீண் வேலை.

## அறிகுறி: இடைவெளியையும் அரியரையும் தோண்டுகிறார்கள்

படிப்பு முடிந்து இரண்டு வருடம் காலியாக இருந்தால், வருடத்தை அழித்து ஒளிக்காதீர்கள். அரசுத் தேர்வுக்குப் படித்தேன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கடையைப் பார்த்துக்கொண்டேன் என்று ஒரு வரி போதும். அதோடு கடைசி மூன்று நான்கு மாதத்தில் என்ன கற்றீர்கள் என்பதையும் சேருங்கள்.

எழுதித் தேறிய அரியர்களை ரெஸ்யூமேயில் பட்டியலிட வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள். இன்னும் ஒரு பாடம் நிலுவையில் இருந்தால் பட்டம் முடிந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். டிப்ளமாவோ பிளஸ் டூவோ போதும் என்று சொல்லும் எல்1 விளம்பரங்களும் வருகின்றன, அவற்றை முதலில் பிடியுங்கள்.

## அறிகுறி: எல்லா ரவுண்டும் முடிந்து, வெரிஃபிகேஷனில் நின்றுவிடுகிறது

ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பணம் கொடுத்தால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2014 முதல் பிஎஃப் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே யுஏஎன் எண். அதில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற வரலாறு நிற்கிறது. பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. காகிதம் ஒன்று சொல்லி, கணக்கில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஆஃபர் ரத்து. சேர்ந்த பிறகு தெரிந்தால் வேலையும் போகும். உண்மையான சின்ன வேலைக்கு பிஎஃப் பிடித்திருக்க மாட்டார்கள், அது பரவாயில்லை. கடைக்காரரின் போன் எண்ணும் அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் நம்மூருக்கே உரியது, இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, ஆதாரில் அதே எழுத்து முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கடைசிப் பெயராக, ரெஸ்யூமேயில் இனிஷியலே இல்லாமல் வெறும் பெயர். மோசடி எதுவும் இல்லை, ஆனாலும் சரிபார்ப்பவரின் பட்டியலில் 'பொருந்தவில்லை' என்று விழுந்து, ஒரு வாரத்தில் முடிய வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும். ரெஸ்யூமேயிலும் எல்லாத் தளங்களின் புரொஃபைலிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். ஆதாரும் பானும் வேறு மாதிரி இருந்தால் வேலை தேடத் தொடங்கும்போதே திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு ஓடினால் சேரும் தேதிக்குள் முடியும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.